சிவப்பு விளக்கு மனச்சோர்வுக்கு உதவுமா? (பாதி பல்பு எரியவும் இல்லை)

ஒற்றுப்பிழை எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 52. வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். போன வருடத்திலிருந்து மனம் ஒரு மாதிரி மங்கிக் கிடக்கிறது. அழுகை, ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. காலையில் எழுந்திருக்கப் பிடிப்பதில்லை, யாரோடும் பேசப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் தொழில் கெடுகிறது. ஒரே வரியை மூன்று முறை படிக்கிறேன். மூன்றாவது முறையும் விட்டுப்போன 'க்' கண்ணில் படுவதில்லை. இத்தனை வருடம் ஒற்றெழுத்தைத் துரத்தியே பிழைத்தவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மனநல மருத்துவர் எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறேன். முன்னைக்குத் தேவலாம், முழுசாகச் சரியாகவில்லை.

இந்த நிலையில் என் தம்பி ஒரு சிவப்பு விளக்குப் பேனலை வாங்கி அனுப்பிவிட்டான். ஒரு பெரிய தட்டு அகலத்துக்கு 60 எல்.இ.டி. பல்புகள். கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடி. 'தினமும் பத்து நிமிடம் நெற்றியில் படும்படி உட்கார், மூளை செல்லெல்லாம் சார்ஜ் ஆகிவிடும், ஒரு மாதத்தில் மாத்திரையே வேண்டாம்' என்கிறான். அவன் எதையும் இப்படித்தான் சொல்வான். ஆனால் பாசத்தில் அனுப்பியதைப் பரணில் போடவும் மனம் வரவில்லை.

முதல் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. மேசையில் மெய்ப்புத் தாள்கள் கிடக்க, அப்படியே பேனலைப் போட்டேன். நான் சிவப்பு மையில் போட்டிருந்த திருத்தங்கள் எல்லாம் மாயமாக மறைந்துவிட்டன. வெறும் அச்சு மட்டும் பளிச்சென்று நிற்கிறது, பிழையே இல்லாத புத்தகம் மாதிரி. அணைத்ததும் தாள் லேசாகப் பச்சையும் நீலமுமாகத் தெரிந்தது, திருத்தங்களும் திரும்பி வந்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அதைச் சிகிச்சையின் பலன் என்று எடுத்துக்கொள்ளலாமா தெரியவில்லை.

சரி, என் கேள்விகள். பேனலில் பாதி பல்புகள் எரியவே இல்லை, ஒன்று விட்டு ஒன்று இருட்டாக இருக்கின்றன. பழுதா? இந்த ஒளி உண்மையிலேயே மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குப் போகுமா? அப்புறம் முக்கியமானது: இதைச் செய்துகொண்டே மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாமா? டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, சிரித்துவிடுவாரோ என்று.


மூன்றாம் ஷிப்ட் எழுதியது:

அக்கா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். குறைக்காதீர்கள். நான் மனநலப் பிரிவில் செவிலியர். உங்கள் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், மண்டைக்குள் மின்சாரம் சுரீர் என்று பாய்வது போன்ற உணர்வு, கண்டபடி கனவு, எரிச்சல் எல்லாம் வரலாம். அது வரும்போது 'ஐயோ, நோய் திரும்பிவிட்டது' என்று பயந்துவிடுவீர்கள். குறைப்பதானால் மருத்துவர் சொல்லும் வேகத்தில், படிப்படியாக. அவர் சிரிக்கமாட்டார். விளக்கு வாங்கியதைச் சொல்லுங்கள், நாங்கள் இதைவிட விநோதமானதையெல்லாம் கேட்டவர்கள்.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் மூளை மந்தத்தை எல்லாம் மனச்சோர்வின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 52 வயது. தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் பார்த்தாயிற்றா? மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஞாபகம் தடுமாறுவது மிகச் சாதாரணம். குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் பகல் முழுக்க மந்தமாகத்தான் இருக்கும். ஒரே வரியை மூன்று முறை படிப்பவர் கண்ணாடி பவரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இது கிண்டல் இல்லை.

உங்கள் தம்பி இரண்டு வேறு சமாச்சாரங்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்றும் நினைக்கிறேன். மனச்சோர்வுக்கு 'ஒளி சிகிச்சை' என்று மருத்துவத்தில் நெடுநாளாக இருப்பது வெள்ளை ஒளி. காலையில் எழுந்த கொஞ்ச நேரத்துக்குள் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) விளக்கின் முன் அரை மணி நேரம், கண் திறந்தபடி. 1984-இல் நார்மன் ரோசந்தாலும் அவருடைய சகாக்களும் குளிர்காலத்தில் மட்டும் வரும் சோர்வைப் பற்றி எழுதியபோது தொடங்கிய கதை அது. அந்த ஒளி வேலை செய்வது கண் வழியாக. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி உள்ள செல்கள் இருக்கின்றன. அவை நீல ஒளிக்கு, ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, நன்றாக விழித்துக்கொண்டு உடல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும். சிவப்புக்கு அவை அநேகமாகக் கண்டுகொள்வதே இல்லை. உங்கள் பேனலோ கண்ணை மூடிக்கொண்டு நெற்றித் தோல் வழியாகப் போக வேண்டியது. இரண்டையும் 'லைட் தெரபி' என்ற ஒரே பெயரில் விற்பதால் வெள்ளை விளக்கின் நற்பெயரைச் சிவப்பு விளக்கு கடன் வாங்கிக்கொள்கிறது.

வீட்டில் உங்களுக்கோ ரத்த சொந்தத்திலோ இருதுருவக் கோளாறு (ஒரு சமயம் சோர்வு, ஒரு சமயம் அளவுமீறிய உற்சாகம்) உண்டா? இருந்தால் அந்த வெள்ளை விளக்கையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மனம் எதிர்ப்பக்கமாகத் துள்ளிவிடுவது உண்டு.


சிவந்தவானம் எழுதியது:

இவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டால் எதையும் செய்ய முடியாது. நான் எட்டு மாதமாக தினம் இருபது நிமிடம் உட்காருகிறேன். கண்ணாடியெல்லாம் போடுவதில்லை, சிவப்பு ஒளி கண்ணுக்கும் நல்லது என்று லண்டனிலேயே ஆராய்ச்சி வந்திருக்கிறது. மூட்டு வலி குறைந்தது, மனசு லேசானது, தூக்கம் நன்றாக வருகிறது. மருந்துக் கம்பெனிக்கு இதில் லாபம் இல்லை, அதனால்தான் யாரும் சொல்வதில்லை. நம்பிக்கையோடு செய்யுங்கள் சகோதரி.


பழுதுபார்ப்பவன் எழுதியது:

அம்மா, உங்கள் பேனல் பழுதில்லை. எரியாத பல்புகளும் எரிகின்றன, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஒன்று விட்டு ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, மற்றது 850 நானோமீட்டர் அகச்சிவப்பாக இருக்கும், பெரும்பாலான பேனல்கள் அப்படித்தான். அறையை இருட்டாக்கி, சிவப்பை அணைத்துவிட்டு, செல்போனின் முன்பக்கக் கேமராவை அதன்மேல் காட்டுங்கள். வெளிறிய ஊதாவாக மின்னும். பின்பக்கக் கேமராக்களில் பெரும்பாலும் வடிகட்டி இருக்கும், அதில் தெரியாமல் போகலாம். டிவி ரிமோட்டின் முனையை இப்படிச் சோதித்துப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

கண்ணாடி போடாத நண்பருக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பளிச்சென்ற ஒளி பட்டால் நாம் கண்ணைச் சிமிட்டுவோம், முகத்தைத் திருப்புவோம். அகச்சிவப்பு தெரியவே தெரியாது, ஆகவே சிமிட்டல் வராது, ஆனால் அது விழித்திரை வரைக்கும் போகும். லண்டன் ஆராய்ச்சி எனக்கும் தெரியும். 2020-இல் கிளென் ஜெஃப்ரி குழு 24 பேரிடம் செய்தது. 670 நானோமீட்டர் ஒளி, நாளுக்கு 3 நிமிடம், இரண்டு வாரம், அளந்து வைத்த ஒரு சின்ன டார்ச். அதைக் காட்டி அறுபது பல்புப் பேனலை இருபது நிமிடம் உற்றுப் பார்ப்பது, மருந்தை ஸ்பூனில் கொடுத்தார்கள் என்பதற்காகக் குடத்தில் குடிப்பது.

நான் 28 வருடம் மருத்துவமனைகளில் இயந்திரம் பழுது பார்த்தவன். பிசியோதெரபி லேசர்கள்தான் என் கைக்கு அதிகம் வந்தவை. அதனால் இந்த ஒளிமேல் எனக்கு விரோதம் இல்லை. இதன் பூர்வீகமே நல்ல கதை. 1960களின் பிற்பகுதியில் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் ரூபி லேசரால் எலியின் கட்டியைக் கரைக்கப் பார்த்தார். லேசருக்குப் போதிய சக்தி இல்லை, கட்டி அசையவில்லை. ஆனால் மழித்த இடத்தில் முடி மட்டும் வேகமாக முளைத்தது. அங்கே தொடங்கியதுதான் புண் ஆற்றுவது, வலி குறைப்பது எல்லாம். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி இந்த ஒளியை வாங்கிக்கொண்டு ஆற்றல் உற்பத்தியைத் தூண்டுகிறது என்பதுதான் அதிகம் சொல்லப்படும் விளக்கம். உங்கள் தம்பி 'சார்ஜ்' என்று சொன்னது இதைத்தான். எல்லா ஆய்வாளர்களும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

மண்டை ஓட்டைத் தாண்டுமா? கொஞ்சம் தாண்டும். கையை டார்ச் மேல் வைத்தால் விரலெல்லாம் சிவப்பாகத் தெரிகிறதல்லவா, திசு சிவப்பை அவ்வளவு எளிதில் விழுங்காது. 850 இன்னும் ஆழமாகப் போகும். ஆனால் தோல், எலும்பு, உறை எல்லாம் கடந்து மூளையின் மேற்பரப்பைத் தொடுவது நூற்றில் இரண்டு மூன்று பங்கு இருந்தாலே அதிகம். முடி இருந்தால் அதுவும் போச்சு, அதனால்தான் எல்லாரும் நெற்றியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

கணக்கு எளிது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்பதை வினாடியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஜூல், அதாவது அங்கே விழும் ஆற்றல். தோலில் 50 மில்லிவாட் விழுகிறது, பத்து நிமிடம் உட்காருகிறீர்கள் என்றால் 600 வினாடி, 30 ஜூல். மூளையின் மேல்பரப்புக்கு அதில் 2 சதவீதம் போனால் 0.6 ஜூல். பெட்டியில் 100, 150 மில்லிவாட் என்று போட்டிருந்தால் அப்படியே நம்பாதீர்கள். சூரிய ஒளி அளக்கும் மலிவு மீட்டரைக் காட்டி எடுத்த எண்ணாக இருக்கும், அந்த மீட்டர் இந்த எல்.இ.டி. ஒளிக்குக் கூடுதலாகவே காட்டும். சரி, அளவு குறைவு என்று நேரத்தை ஒரு மணி நேரமாக்கலாமா என்றால் அதுவும் கூடாது. இந்த ஒளிக்கு ஒரு குணம் உண்டு. ஓர் அளவு வரை தூண்டும், அதைத் தாண்டினால் பலன் குறையும், இன்னும் போனால் எதிராகவே திரும்பும். ஆய்வகத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது.

கடைசியாக என் அனுபவம் ஒன்று. ஒரு மருத்துவமனையில் லேசர் கருவி ஒன்றை வருடாந்தரச் சோதனைக்குப் பிரித்தேன். அகச்சிவப்பு டயோடு செத்துக் கிடந்தது. எங்கே படுகிறது என்று காட்டுவதற்கான சின்னச் சிவப்புப் புள்ளி மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. எத்தனை மாதமாக அப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் என்னிடம் சொன்னார்: 'இந்த மெஷின் வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், புது மெஷினில் அவ்வளவு சுகம் இல்லையாம்.' அன்றைக்கு நான் எதுவும் பேசவில்லை. டயோடை மாற்றிவிட்டு வந்தேன்.


அடிக்குறிப்பு எழுதியது:

ஐயா சொன்ன செத்த டயோடுதான் இந்தத் துறையின் தலைவலியே. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் இதை வெறிபிடித்தது போலப் படித்தேன். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தலையில் 808 நானோமீட்டர் லேசர் காட்டிச் சில சோதனைகள் நடந்தன. 2007-இல் வந்த முதல் சோதனையில் 120 பேர், முடிவு நன்றாக இருந்தது. இரண்டாவதில் 660 பேர், 2009-இல் வந்தது, பலன் உறுதியாகவில்லை. மூன்றாவதை 'தொடர்ந்தாலும் பயன் தெரியப்போவதில்லை' என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த முதல் கட்டுரையை மட்டும் படித்துவிட்டு நான் ஒரு வாரம் தூங்காமல் இருந்தது எனக்குத்தான் தெரியும்.

மனச்சோர்விலும் கிட்டத்தட்ட அதே வளைவுதான், அளவு மட்டும் சின்னது. 2009-இல் 10 நோயாளிகளுக்கு நெற்றியில் இரண்டு இடத்தில் நான்கு நான்கு நிமிடம் 810 நானோமீட்டர் ஒளி, ஒரே ஒரு முறை. இரண்டு வாரத்தில் 6 பேருக்கு நோய் நன்றாகத் தணிந்திருந்தது. கேட்க அருமை, ஆனால் பத்தே பேர். 2018-இல் 21 பேர், வாரம் இரண்டு முறை, எட்டு வாரம், பாதிப் பேருக்குப் போலி ஒளி. உண்மை ஒளி வாங்கியவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. அதே வரிசையில் அடுத்து வந்த சற்றுப் பெரிய சோதனையில், 50 பேருக்குக் கொஞ்சம் மேல், உண்மைக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒளியின் அளவு போதாமல் இருந்திருக்கலாம் என்பது ஒரு வாதம். இருக்கலாம். ஆக, 'பொய்' என்று தூக்கிப்போடவும் முடியாது, 'மாத்திரைக்குப் பதில்' என்று சொல்ல வழியும் இல்லை.

'எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது' (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) என்று பெட்டியில் இருந்தால் எதற்கு என்று பாருங்கள். இம்மாதிரிப் பேனல்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தோல் சுருக்கம், தற்காலிக மூட்டு வலி மாதிரி விஷயங்களுக்கு. அதுவும் ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவி ஒன்றுக்கு இது நிகரானது என்ற அளவிலான அனுமதி. மனச்சோர்வுக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மேடம், எனக்குப் பிடித்த தகவல் ஒன்று சொல்கிறேன், நீங்கள் ரசிப்பீர்கள். வெள்ளை விளக்கு உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்க்க ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு போலி விளக்கு தேவைப்பட்டது. எதையும் செய்யாத, ஆனால் சிகிச்சை மாதிரித் தோன்றுகிற விளக்கு. 2011-இல் வந்த ஓர் ஆய்வில், 60 வயது தாண்டிய 89 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு 7,500 லக்ஸ் வெளிர்நீல ஒளி, மற்றவர்களுக்கு அந்தப் போலி. அது என்ன தெரியுமா? 50 லக்ஸ் மங்கலான சிவப்பு விளக்கு!

மங்கல் சிவப்பும் உங்கள் பேனலும் ஒன்றல்ல, அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், உங்களுடையதில் அகச்சிவப்பு வேறு இருக்கிறது. நியாயத்துக்காகச் சொல்கிறேன். ஆனாலும் சிரிப்பு வருகிறது.

உங்களிடம் அகச்சிவப்பை மட்டும் தனியாகப் போடும் பொத்தான் இருந்தால் ஒன்று செய்யலாம். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் உங்களையே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் ஒருவர் காசு சுண்டி, தலை விழுந்தால் போடட்டும், பூ விழுந்தால் போடாமல் இருக்கட்டும். உங்களிடம் சொல்லாமல் ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். நீங்கள் அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். போட்டார்களா இல்லையா என்று உங்கள் ஊகத்தையும் எழுதுங்கள். அந்த ஊகம் முக்கியம்.


பழுதுபார்ப்பவன் எழுதியது:

நல்ல யோசனை. பேனலில் உள்ள விசிறிச் சத்தம் காட்டிக்கொடுக்கும். பக்கத்தில் வேறொரு விசிறியை ஓடவிட்டுச் செய்யுங்கள்.


ஒற்றுப்பிழை எழுதியது (ஏழு வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. காணாமல் போய்விட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். காசு சுண்டிக்கொண்டிருந்தோம்.

முதலில் பேனல். அண்ணா, நீங்கள் சொன்னபடி முன்பக்கக் கேமராவைக் காட்டினேன். முப்பது பல்பும் ஊதாப் பூ மாதிரி பூத்து நின்றன. என் கணவர் வந்து பார்த்துவிட்டு ரிமோட், கதவு சென்சார் என்று வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அதே மாதிரி பார்க்கக் கிளம்பிவிட்டார். அன்று மாலை முழுக்க அதிலேயே போயிற்று.

டாக்டரிடம் போனேன். சிரிக்கவில்லை. மாத்திரை அப்படியே தொடரட்டும், விளக்கை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணை மறைத்துக்கொள்ளுங்கள் என்றார். ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு சரி, பி12 குறைவு. அதற்குத் தனியாக மாத்திரை. செவிலியர் தங்கை சொன்னதற்காகக் கண்ணாடிக் கடைக்கும் போனேன். படிப்பதற்கான பவர் அரைப் புள்ளி கூடியிருக்கிறது! அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். புதுக் கண்ணாடி போட்டு முதல் பக்கத்திலேயே விட்டுப்போன வல்லினம் நான்கைப் பிடித்தேன். மூளை மந்தம் என்று நான் நினைத்ததில் ஒரு பங்கு மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

இப்போது சோதனை. காலை ஆறரைக்கு, 28 நாள். கணவர்தான் காசு சுண்டினார். முதல் நாள் நான் 'போட்டிருக்கிறீர்களா?' என்று கேட்டதற்கு 'ஆமாம்' என்று உண்மையைச் சொல்லிவிட்டார், அதனால் அந்த நாளைக் கழித்துவிட்டோம். அப்புறம் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றார், பாவம்.

28 நாளில் 15 நாள் ஒளி, 13 நாள் வெறும் விசிறி. நான் சரியாக ஊகித்தது 25 நாள். நெற்றி சொல்லிவிடுகிறது. மூன்றாவது நிமிடத்திலேயே மிதமாகச் சுடுகிறது, வெயிலில் நிற்கிற மாதிரி. ஆக, கண்ணுக்குத் தெரியாத ஒளியாக இருந்தும் மறைக்க முடியவில்லை. அந்தப் பெரிய சோதனைகளில் என்ன பாடுபட்டார்களோ.

மதிப்பெண்: ஒளி பட்ட நாட்களின் சராசரி 6.1, படாத நாட்களின் சராசரி 5.9. விளக்கைப் போட்டார்களா இல்லையா என்று தெரிந்துகொண்டே நான் போட்ட மதிப்பெண் என்பதை மறக்க வேண்டாம். அன்றன்றைக்குத் தெரிகிற மாற்றம் இல்லை, சேர்ந்து சேர்ந்து வருவதாக இருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது, அதுவும் புரிகிறது.

ஆனால் எல்லா நாளும் சேர்த்துப் பார்த்தால் ஏறியிருக்கிறது. முதல் வாரம் நாலு, நாலரை. கடைசி வாரம் ஏழு. டாக்டர் கொடுக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தில் 27-க்கு 13 இருந்தது 7 ஆகிவிட்டது. ஐந்து குறைந்தாலே பொருட்படுத்த வேண்டிய மாற்றம் என்றார். எது செய்தது? பி12-ஆ, கண்ணாடியா, மாத்திரை மெல்லத் தன் வேலையைக் காட்டுகிறதா, விளக்கா? தம்பியிடம் சொன்னேன். 'நான்தான் சொன்னேனே' என்றான். அவனுக்கு எல்லாச் சராசரியும் ஒன்றுதான்.


மூன்றாம் ஷிப்ட் எழுதியது:

அக்கா, ரொம்ப சந்தோஷம். பி12-ஐப் பாதியில் விட்டுவிடாதீர்கள். ஒரு சந்தேகம். முன்பு எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?


ஒற்றுப்பிழை எழுதியது:

எட்டரை, ஒன்பது. சில நாள் பத்து. கணவர் அலுவலகம் போகுமுன் காசு சுண்ட வேண்டும் என்பதால் ஆறரைக்கு எழுந்தே ஆக வேண்டியதாயிற்று.


பழுதுபார்ப்பவன் எழுதியது:

அம்மா, பத்து நிமிடம் முடிந்ததும் எங்கே போவீர்கள்? பேனலை எந்த அறையில் வைத்திருக்கிறீர்கள்?


ஒற்றுப்பிழை எழுதியது:

எங்கேயும் போவதில்லை. பேனலுக்கு மேசை வேண்டியிருந்ததால் என் மேசையையே முன்னறைக்கு நகர்த்திவிட்டோம். விளக்கை அணைத்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து எட்டரை வரை மெய்ப்புப் பார்ப்பேன். பழைய இடம் உள்ளறை, பகலிலும் குழல்விளக்கு போட வேண்டும். இங்கே விளக்கே தேவையில்லை. பேனல் சூடு தாங்காமல் ஜன்னல் இரண்டு கதவையும் திறந்து வைத்துவிடுகிறேன்.

கிழக்குப் பார்த்த ஜன்னல்.


அடிக்குறிப்பு எழுதியது:

மேடம், காலை வெளிச்சம் நேராக விழும் ஜன்னலோரத்தில் சில ஆயிரம் லக்ஸ் தாராளமாக இருக்கும். உள்ளறைக் குழல்விளக்கில் முந்நூறு இருந்தால் அதிகம். நீங்கள் தினமும் இரண்டு மணி நேரம் தவறாமல் எடுத்துக்கொண்டிருந்தது அந்த வெள்ளை ஒளியை. காசு சுண்டாமல்.


ஒற்றுப்பிழை எழுதியது:

அப்படியானால் போலி விளக்கு எது என்று இப்போது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. பேனலை மாதக் கடைசி வரை அணைத்தே வைத்துப் பார்க்கிறேன். மேசை அங்கேயே இருக்கட்டும். தம்பியிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.